ஆமிக்காரன் ஊசி வேண்டாம் என்றால்

தடுப்பூசி விஷயத்தில் எனக்கு இரண்டு மனம் கிடையாது. என் அப்பம்மாவின் இடது மேற்கையில் அம்மை குத்திய தழும்பு ஒன்று இருந்தது. விரல் நுனி பதியும் அளவுக்குக் குழிந்து, ஓரமெல்லாம் சுருங்கியிருக்கும். சின்ன வயதில் அதைத் தடவிக்கொண்டுதான் அவர் மடியில் படுத்திருப்பேன். அவருடைய தமக்கைக்கு அந்தத் தழும்பு இல்லை. அம்மாள் வருத்தம் என்று நாங்கள் சொல்லும் அம்மை நோயில் கல்யாணத்துக்கு முன்னமே போய்விட்டார். எங்கள் வீட்டில் ஊசியைப் பற்றி இதற்கு மேல் யாரும் விளக்கம் சொன்னதில்லை, தேவைப்படவும் இல்லை. 2021 மே கடைசியில் முதல் தொகுதியாக 50,000 சைனோபாம் ஊசிகள் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது, எங்கள் கிராம அலுவலர் பிரிவுக்குரிய நாளில் விடியவே போய்ப் பள்ளிக்கூட வாசலில் நின்றவர்களில் நானும் ஒருவன். ஆகவே இது ஊசிக்கு எதிரான எழுத்து இல்லை. அப்படி எடுத்துக்கொண்டு யாரும் பகிர வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

அந்த வாசலில் ஆமியும் நின்றது. கொவிட் தடுப்புக்கான தேசிய செயற்பாட்டு மையத்துக்கு இராணுவத் தளபதியே தலைவராக இருந்த காலம் அது. இலங்கையின் முதல் கொவிட் ஊசிகள் அந்த வருடம் ஜனவரி 29இல் நாரஹேன்பிட்ட இராணுவ வைத்தியசாலையில் படையினருக்குத்தான் ஏற்றப்பட்டன. வரிசையில் நின்ற எங்களிடம் சம்மதம் கேட்டார்கள், படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள், முன்பு ஏதும் ஒவ்வாமை இருந்ததா என்று விசாரித்தார்கள். வரிசையை ஒழுங்குபடுத்திய சீருடைக்காரரிடம் யாராவது சம்மதம் கேட்டிருப்பார்களா என்ற கேள்வி அன்றைக்கு எனக்கு வரவில்லை. அது அமெரிக்காவிலிருந்து வந்தது.

என் அக்காவின் மகன் அங்கே படையில் இருக்கிறான். எந்தப் பிரிவு என்பது இங்கே தேவையில்லை. அவன் ஊசி ஏற்றிக்கொண்டவன். அவனுடன் ஒரே அறையில் இருந்த நண்பன் மறுத்துவிட்டான். ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உள்ள பெடியன். கருக்கலைப்பிலிருந்து பெறப்பட்ட உயிரணு வரிசைகள் இந்த ஊசிகளைச் சோதிப்பதில் பயன்பட்டதால் மனச்சாட்சி இடம்தரவில்லை என்று விண்ணப்பம் எழுதியிருக்கிறான். “மாமா, அவன் பக்கம் பக்கமா எழுதினவன், நான்தான் இருந்து திருத்திக் குடுத்தனான். வந்த பதில் அரைப் பக்கம். அவன் எழுதின ஒரு வசனத்துக்குக்கூட அதில பதில் இல்லை” என்றான் மருமகன். நீங்கள் சட்டத்தரணிதானே, இப்படிச் செய்யலாமா என்று கேட்டான். நான் மல்லாகத்திலும் யாழ்ப்பாணத்திலும் பெரும்பாலும் காணி வழக்குப் பேசுகிறவன். தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

பார்க்கத் தொடங்கியபோது எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அண்ணை ஒருவரிடம் இதைக் கதைத்தேன். ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர். வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் உடுத்த உடுப்போடு இடம்பெயர்ந்தவர். “தம்பி, உமக்கு எல்லாத்திலயும் ஒரு உரிமை தெரியும்” என்று தொடங்கினார். “கப்பல்லயும் பரக்ஸிலயும் ஒருத்தன்ர மூச்சை மற்றவன் குடிச்சுக்கொண்டு கிடக்கிறான். ஒருத்தன் ஏத்தேல்லையெண்டா பக்கத்துக் கட்டில்காரனுக்கும் சேத்துத்தான் வருத்தம் வரும். சரி, அதை விடும். எங்கட காணியைப் பிடிச்சு வச்சிருக்கேக்க எங்களை ஆரும் கேட்டவையோ? ஆமிக்காரன்ர உரிமையை நாங்கள் ஏன் கதைக்கவேணும்?”

முதல் கேள்வி சுகாதாரம் தெரிந்தவருடையது. இரண்டாவது காணி இழந்தவருடையது. இரண்டும் நியாயமான கேள்விகள். முதலாவதுக்கு என்னிடம் பதில் இருந்தது. இரண்டாவது என்னை நெடுநாள் விடவில்லை.

கட்டளையும் சட்டமும்

படையில் கட்டளையை மீறுவது வேலைக்குப் போகாமல் விடுவது போன்றதில்லை, அது குற்றம். அமெரிக்காவின் இராணுவ நீதிக் கோவையில் 90ஆம், 92ஆம் உறுப்புரைகள் அதற்கே இருக்கின்றன. சிறைவாசம் வரை போகலாம். ஊசிக் கட்டளையும் அங்கே பழையது. 1777இல் ஜோர்ஜ் வொஷிங்டன் தன் படைக்கு அம்மை குத்த உத்தரவிட்டார். எதிரியின் துவக்கைவிட அம்மைக்குப் பயந்த காலம். ஆனால் அந்த இரண்டு உறுப்புரைகளும் குற்றமாக்குவது சட்டபூர்வமான கட்டளையை மீறுவதை மட்டுமே. ஊசி மறுப்பவருக்கு உள்ள முதல் பாதுகாப்பு இங்கேதான் தொடங்குகிறது. தனக்கு விருப்பமில்லை என்று நிற்பதைவிட, உத்தரவு சட்டப்படியானதா என்று கேட்கிறவரின் வழக்குத்தான் பலமானது.

1990 டிசம்பரில், வளைகுடாப் போருக்கு முன், முழு அங்கீகாரம் பெறாத மருந்துகளைப் படையினருக்கு அவர்கள் சம்மதம் இல்லாமலே கொடுக்க அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வழிவிட்டது. வழக்குப் போட்டவர்கள் 1991இல் தோற்றார்கள். போர் முடிந்து திரும்பியவர்களில் பலர் காரணம் சரியாகப் பிடிபடாத நோய்களோடு வாழத் தொடங்கிய பிறகுதான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் விழித்துக்கொண்டது. அங்கீகாரம் பெறாத மருந்தையோ, எந்தப் பாவனைக்கு அங்கீகாரம் பெற்றதோ அதற்கு வெளியே பயன்படுத்தும் மருந்தையோ படையினருக்குக் கொடுப்பதானால் அவர்களின் சம்மதம் வேண்டும். சம்மதம் தேவையில்லை என்று சொல்லும் அதிகாரம் ஜனாதிபதி ஒருவருக்கே, அதுவும் எழுத்தில், என்று 1990களின் பிற்பகுதியில் சட்டம் வந்தது.

அந்தச் சட்டம் மை காயும் முன்னமே சோதனைக்கு உள்ளானது. 1998இல் அந்த்ராக்ஸ் ஊசி கட்டாயமானது. நூற்றுக்கணக்கானவர்கள் மறுத்தார்கள். பதவி இறக்கம், சம்பள வெட்டு, வெளியேற்றம், சிலருக்கு இராணுவ நீதிமன்றம். 1970இல் அனுமதி பெற்ற அந்த ஊசி, சுவாசத்தால் தொற்றும் அந்த்ராக்ஸுக்கும் அனுமதி பெற்றதுதானா என்று பெயர் மறைத்த ஆறு பேர் வழக்குப் போட்டார்கள். 2003 டிசம்பர் 22இல் வொஷிங்டன் நீதிபதி எமெட் சலிவன் இடைக்காலத் தடை விதித்தார். பரிசோதனை மருந்துகளுக்குச் சோதனை எலிகளாகவும் இருக்கும்படி தன் படையினரிடம் அமெரிக்கா கேட்க முடியாது என்பது அவர் தீர்ப்பின் சாரம். எட்டு நாளில் உணவு மருந்து நிர்வாகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டு ஓட்டையை அடைத்தது. அந்த அறிவிப்பு வந்த முறையே பிழை என்று 2004 ஒக்டோபரில் அதே நீதிபதி மறுபடி தடுத்தார். 2005இல் ஊசி விருப்பத்துக்கு விடப்பட்டது. பிறகு நிர்வாகம் முறைப்படி இறுதி முடிவு எடுத்து, கட்டாயம் திரும்பி வந்தது. முன்னர் தண்டனை பெற்ற ஒருவருடைய வழக்கில் இராணுவ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2006இல் அந்தக் கட்டளை செல்லும் என்றே சொன்னது. ஆக, ஒரே ஊசிக்கு ஒரு நீதிமன்றத்தில் வெற்றி, இன்னொன்றில் தோல்வி. இந்த விஷயத்தில் சட்டத்தை நம்பி நிற்கிறவர் எவ்வளவு மெல்லிய பலகையில் நிற்கிறார் என்பதை நான் மருமகனிடம் மறைக்கவில்லை.

இருந்தாலும் அந்த ஆறு பேரின் வழக்கு வீண்போகவில்லை என்றுதான் நினைக்கிறேன். 2021இல் நடந்ததைப் பாருங்கள். பைசர் ஊசிக்கு முழு அங்கீகாரம் கிடைத்தது ஓகஸ்ட் 23. பாதுகாப்புச் செயலாளர் லொயிட் ஒஸ்டின் கொவிட் ஊசியைக் கட்டாயமாக்கியது ஓகஸ்ட் 24. முழு அனுமதி பெற்ற ஊசி மட்டுமே கட்டாயம் என்று அந்த உத்தரவிலேயே எழுதினார். அந்த ஒரு நாள் இடைவெளியில் அந்த்ராக்ஸ் வழக்கின் நிழல் இருக்கிறது. இம்முறை கட்டளை இட்டவர்கள் சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் இட்டார்கள்.

அண்ணையின் முதல் கேள்விக்கு என் பதில் இதிலேயே வந்துவிடுகிறது. கப்பலில் இடைவெளி கிடையாது என்பது உண்மை. அங்கீகரித்த ஊசியை ஏற்றிக்கொள் என்று தளபதி சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். மாலிக்கு ஐ.நா. அமைதிப்படையில் போன இலங்கைப் படையினர் மஞ்சள் காய்ச்சல் ஊசி இல்லாமல் போயிருக்க முடியாது. அதில் எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை.

35ஆவது படி

மருமகனின் நண்பன் கேட்டது மத விலக்கு. அமெரிக்காவில் 1993இல் வந்த மத சுதந்திர மீட்புச் சட்டம் அரசின் மீது பெரிய சுமையை வைக்கிறது. ஒருவருடைய சமய ஒழுகலை அரசு கணிசமாகத் தடுப்பதானால், அதற்குத் தவிர்க்க முடியாத தேவை இருக்க வேண்டும், அந்தத் தேவையை நிறைவேற்ற இதைவிடக் கடுமை குறைந்த வழி இல்லை என்று காட்டவும் வேண்டும். அதையும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது, அந்த ஆளை வைத்துக் காட்ட வேண்டும். இந்த ஆள், இந்த வேலை, இந்த இடம், இவருக்கு ஏன் முடியாது என்று. படைக்கும் இந்தச் சட்டம் பொருந்தும்.

இந்தச் சட்டத்தின் கீழ்க் கடற்படையின் விசேட பிரிவைச் சேர்ந்த 35 பேர் வழக்குப் போட்டார்கள். பெரும்பாலும் சீல் படையினர். 2022 ஜனவரி 3இல் டெக்சாஸ் நீதிபதி ரீட் ஒகொனர் தடையுத்தரவு வழங்கினார். அந்தத் தீர்ப்பின் பல இடங்கள் எனக்கு உடன்பாடில்லை. கொள்ளைநோயையே இலேசாக எடுத்ததுபோல ஒரு தொனி அதில் தெரிகிறது. ஆனால் அதில் ஒரு பந்தி இருக்கிறது. மத விலக்கு விண்ணப்பங்களைக் கடற்படை எப்படிக் கையாண்டது என்று நீதிபதி விவரிக்கிறார். மொத்தம் 50 படிகள். முதல் 15 படிகளில் அதிகாரி செய்ய வேண்டியது, முன்கூட்டியே தயாரித்து வைத்த மறுப்புக் கடிதத்தில் விண்ணப்பித்தவரின் பெயரையும் தரத்தையும் நிரப்புவது. அது மேலதிகாரியின் கையெழுத்துக்கு ஆயத்தமாகிப் பல மேசைகளைத் தாண்டிய பிறகு, 35ஆவது படியில்தான், விண்ணப்பத்தை வாசிக்கும்படி ஒருவருக்குச் சொல்லப்படுகிறது. கடற்படையின் விண்ணப்ப நடைமுறை ஒரு நாடகம் என்று எழுதினார் நீதிபதி.

அந்தப் பந்தியில் நான் நின்றுவிட்டேன். ஏனென்றால் அந்தக் கடிதத்தை நான் கையில் பிடித்திருக்கிறேன்.

என்னிடம் வரும் ஒரு தாயை நினைத்துக்கொண்டேன். மகனைக் கொண்டுபோய்ப் பல வருடம். ஒவ்வோர் ஆணைக்குழுவுக்கும் போய் மகனின் பிறந்த திகதி, உயரம், அன்று உடுத்திருந்த சேட்டின் நிறம், கொண்டுபோன வாகனம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னவர். கடிதங்களை ஒரு சொப்பிங் பையில் சுற்றி, அந்தப் பையை இன்னொரு பையில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் ஒரு பதிலை எடுத்துத் தந்து, வாசித்துச் சொல்லுங்கோ தம்பி என்றார். கடிதம் முழுக்க அச்சு. புள்ளிக்கோட்டின் மேல் நீலப் பேனையால் மகனின் பெயர். இன்னொரு புள்ளிக்கோட்டில் ஓர் இலக்கம். பெயரில் ஓர் எழுத்துப் பிழை. அம்மா, உங்கள் முறைப்பாடு கிடைத்ததாம் என்றேன். “வாசிச்சவையாமோ?” என்று கேட்டார். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. அவர் மகன் கிடைப்பான் என்று எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி இல்லை அது. தான் சொன்னது ஒரு மனிதரின் கண்ணில் பட்டதா என்று மட்டும்தான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

சீல் படையினன் ஒருவனையும் இந்தத் தாயையும் ஒரே தட்டில் வைப்பது சரியா என்று எனக்கே தயக்கம் இருக்கிறது. அவன் இழப்பது உத்தியோகம். இவர் இழந்தது பிள்ளை. ஆனால் இரண்டு பேருக்கும் அரசு செய்தது ஒரே வேலை. கேட்பதுபோல ஒரு மேசையைப் போட்டு, பதிலை முதலே அச்சடித்து வைத்தது. இதை இங்கே அநியாயம் என்று சொல்லும் நான் அங்கே நிர்வாக வசதி என்று சொல்ல முடியாது.

பிறகு வாசித்ததெல்லாம் இதே இடத்துக்குத்தான் கொண்டுவந்தது. 2022 ஜூனில் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பதில் பரிசோதகர் நாயகமாக இருந்தவரே பாதுகாப்புச் செயலாளருக்கு ஒரு குறிப்பு எழுதினார். மத விலக்கு மறுப்புகள் ஆளுக்கு ஆள் ஆராயாமல் பொதுப்படையாக எழுதப்படுகின்றன என்றும், ஒரு நாளைக்குச் சுமார் 50 மறுப்புகள் வீதம் கணக்குப் பார்த்தால், பத்து மணிநேரம் வேறு வேலையே செய்யாமல் இருந்தாலும் ஒரு கோவைக்கு 12 நிமிடம்தான் வரும் என்றும் அதில் இருந்தது. ஒரு விண்ணப்பத்தில் எழுத்து, மதகுருவின் நேர்காணல் குறிப்பு, கட்டளை அதிகாரியின் சிபாரிசு எல்லாம் இருக்கும். 12 நிமிடத்தில் நான் ஒரு காணி உறுதியின் எல்லை விவரத்தைக்கூட ஒழுங்காக வாசிக்க மாட்டேன்.

டெக்சாஸ் தடையுத்தரவின் ஒரு பகுதியை 2022 மார்ச் 25இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. ஊசி ஏற்றாதவரை எந்தக் கப்பலுக்கு அனுப்புவது, எந்தப் பணிக்கு விடுவது என்பதில் கடற்படையின் கையை நீதிமன்றம் கட்டக்கூடாது என்றது. நீதிபதிகள் படையின் கட்டளைச் சங்கிலிக்குள் நுழையக்கூடாது என்ற நீதிபதி கவனோவின் கருத்தோடு எனக்குச் சண்டை இல்லை. நீ ஊசி ஏற்றவில்லை, ஆகவே நீர்மூழ்கிக்கு அனுப்ப மாட்டேன் என்று தளபதி சொல்லட்டும். அது அண்ணையின் நியாயம், பக்கத்துக் கட்டில்காரனின் நியாயம். அதற்கும், உன் விண்ணப்பத்தை வாசிக்காமலே உன்னை வெளியே போடுகிறேன் என்பதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. சட்டத்தின் பாதுகாப்பு வேலை செய்ய வேண்டிய இடம் அதுதான்.

தண்டனையின் அளவும் அந்த இடத்தில்தான் வருகிறது. 2021 டிசம்பரில் கையெழுத்தான பாதுகாப்புச் செலவுச் சட்டத்தில் காங்கிரஸ் ஒரு பிரிவைச் சேர்த்தது. கொவிட் ஊசி மறுத்ததற்காக மட்டும் ஒருவரை வெளியேற்றினால், மதிப்புடன் விடுவிப்பு அல்லது மதிப்பான நிலைமையில் பொது விடுவிப்பு, இரண்டில் ஒன்றுதான். அதற்குக் கீழே இறக்க முடியாது. வெளியே வேலை தேடும்போது கேவலப்படாமல் இருக்க அது உதவும். ஆனால் இரண்டாவது வகையில் வந்தவருக்கு அரசு தரும் உயர்கல்விச் செலவு கிடைக்காது. பலர் படையில் சேர்வதே அதற்காகத்தான். மருமகனின் நண்பனுக்கு அதுதான் நடந்தது. ஊசி மறுத்ததால் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்ட பிறகு, 2022 டிசம்பரில் இன்னொரு சட்டம் வந்து, 2023 ஜனவரி 10இல் கட்டாயம் நீக்கப்பட்டது. 2025 ஜனவரி 27இல் புதிய ஜனாதிபதி அவர்களை மீள அழைத்து, பின்சம்பளமும் கொடுக்க உத்தரவிட்டார். இதை வெற்றி என்று கொண்டாடியவர்களோடு என்னால் சேர முடியவில்லை. தேர்தலில் ஆள் மாறினால் வரும் பாதுகாப்பு, அடுத்த தேர்தலில் ஆள் மாறினால் போய்விடும். அந்தப் பெடியன் எழுதியதை அப்போதும் யாரும் வாசிக்கவில்லை. அவன் பெயர் ஒரு பட்டியலில் இருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் ஆட்கள் நிறைந்த கனடாவில் வேறு விதமாக நடந்தது. படையினரின் குறைகளை விசாரிக்கும் வெளிக்குழு 2023இல், அங்குள்ள படையின் ஊசிக் கொள்கை உரிமைப் பட்டயத்தின் 7ஆம் பிரிவோடு பொருந்தவில்லை, தேவைக்கு மிஞ்சி அகலமானது என்று கண்டது. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2022 மே 2இல், உடல்மீதான உரிமை அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரைக்குள் வரும், எவரையும் ஊசி ஏற்றும்படி வற்புறுத்த முடியாது, ஆனால் பொது நலனுக்காக அளவான கட்டுப்பாடு போடலாம் என்றது. அது பொதுமக்களுக்கான தீர்ப்பு. அதற்கு முந்திய வருடம் ஊசி மறுத்த விமானப்படை வீரர் ஒருவர் குஜராத் மேல் நீதிமன்றத்துக்குப் போனபோது, அவருடைய விளக்கத்தை மறுபடி பார்க்கும்படி விமானப்படையிடம் சொல்லப்பட்டது. பிரித்தானியாவில் படையினருக்குக் கொவிட் ஊசி கட்டாயமாக்கப்படவே இல்லை. ஒவ்வொரு நாட்டிலும் கோடு வேறு இடத்தில் விழுகிறது.

எங்கள் பக்கம்

இனி அண்ணையின் இரண்டாவது கேள்வி. ஆமிக்காரனின் உரிமையை நாங்கள் ஏன் கதைக்க வேண்டும்?

இதற்கு மனிதாபிமானமாக ஒரு பதில் சொல்லித் தப்பலாம். அதை அண்ணையிடம் சொல்ல எனக்கு வாய் வராது. அவர் வளவின் கிணற்றை இருபது வருடத்துக்கு மேல் முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து நினைத்துக்கொண்டிருந்தவர். ஆகவே எங்கள் பக்கத்து நியாயத்தையே சொன்னேன். யாழ்ப்பாணத்தில் மாணவி கிருஷாந்தியைக் கொன்ற வழக்கில் 1998இல் தண்டனை பெற்ற படையினர் ஒருவர் நீதிமன்றத்தில் சொன்னது இங்கே எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். செம்மணியில் நாங்கள் உடல்களைப் புதைத்தோம், 300 முதல் 400 உடல்கள் புதைத்த இடத்தைக் காட்டுவோம் என்றார். அந்த மண்ணை 2025இலும் கிண்டினார்கள். கொண்டுவந்து கொடுத்த உடலைப் புதை என்று சொன்னபோது, இந்தக் கட்டளை சட்டபூர்வமானதா என்று கேட்கும் பழக்கம் அந்த முகாமில் ஒருவருக்காவது இருந்திருந்தால்? கேட்டவரைச் சட்டம் காப்பாற்றும் என்று அவருக்குத் தெரிந்திருந்தால்?

ஊசியும் புதைகுழியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒன்று உயிர் காக்கும் கட்டளை. ஆனால் படைவீரன் கையில் இருக்கும் சட்டக் கேள்வி இரண்டிலும் ஒன்றேதான். ஊசி விஷயத்தில் ஏன் என்று எழுத்தில் கேட்கவும், எழுத்தில் பதில் பெறவும் உரிமை உள்ள படை, பெரிய விஷயத்தில் வாய் திறக்கக் கூடிய படையாக மாற ஒரு வழி இருக்கிறது. தன் உடம்பைப் பற்றியே வாய் திறக்க முடியாத பெடியன், எங்கள் வீட்டு வாசலில் நிற்கும்போது எங்களுக்காகத் திறப்பான் என்று எதிர்பார்க்க முடியாது. அண்ணை நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், “அவன் கேட்டிருக்க மாட்டான் தம்பி” என்றார். இருக்கலாம். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இலங்கைச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்று பார்த்தால், நினைத்ததைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. 1978 அரசியலமைப்பின் 15ஆம் உறுப்புரையின் 8ஆம் பிரிவு, ஆயுதப்படையினரின் அடிப்படை உரிமைகளை ஒழுக்கத்துக்காகவும் கடமைக்காகவும் சட்டத்தால் மட்டுப்படுத்த இடம் தருகிறது. ஆனால் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுவது 12(1), 13, 14 ஆகியவற்றை மட்டும். சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தைச் சொல்லும் 10ஆம் உறுப்புரை அந்தப் பட்டியலில் இல்லை. சித்திரவதையையும் இழிவான நடத்துகையையும் தடுக்கும் 11உம் இல்லை. அதாவது, சீருடை போட்டாலும் ஒருவனுடைய மனச்சாட்சி முழுதாக அவனிடமே இருக்கிறது. அரச தரப்புச் சட்டத்தரணி உடனே எழும்பி, ஊசி மறுப்பது மனச்சாட்சி இல்லை, மனச்சாட்சியைச் செயலில் காட்டுவது, அது 14(1)(உ)க்குள் வரும், அதை மட்டுப்படுத்தலாம் என்பார். நல்ல வாதம்தான். என்றாலும் மட்டுப்படுத்துவதானால் சட்டத்தால் விதிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. தளபதியின் வாய்மொழி போதாது. உடல்மீதான உரிமை என்று எங்கள் அரசியலமைப்பில் நேராக ஒரு வரி இல்லை. ஆனால் உயிர்வாழும் உரிமையையும் அது சொல்லவில்லை, 2003இல் உயர் நீதிமன்றம் 13ஆம் உறுப்புரைக்குள்ளிருந்து அதை வாசித்து எடுத்தது. வாசிக்க மனமுள்ள நீதிபதிக்கு வழி இருக்கிறது.

நாளைக்கே பலாலி ஆமி முகாம் பக்கமிருந்து ஒரு பெடியன், அனுராதபுரத்தானோ மொனராகலையானோ, வெளியுடுப்பில் என் அலுவலகத்துக்கு வந்து ஊசி விஷயமாக ஆலோசனை கேட்டால், அங்கீகாரம் பெற்ற ஊசி என்றால் ஏற்றிக்கொள் தம்பி என்றுதான் முதலில் சொல்வேன். முடியாது, மனச்சாட்சி விடவில்லை என்றால், கட்டளை எழுத்தில் இருக்கிறதா, எந்த ஊசி, எதற்கு அங்கீகாரம் பெற்றது, உன் காரணத்தை எழுதிக் கொடுத்தாயா, பதில் வந்த திகதி என்ன என்று கேட்பேன். திகதிதான் முக்கியம். 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் இருக்கிறது. அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் முறைப்பாடு செய்தால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு விசாரணைக் காலத்தை அந்த மாதத்தில் சேர்க்காது. ஆனால் முறைப்பாடு கொடுத்த துண்டு மட்டும் போதாது. விசாரணை நடக்கிறது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும். ஆகவே விசாரணைக்கு அழைத்த கடிதம் ஒவ்வொன்றையும் பத்திரமாக எடுத்து வை, அடுத்த முறை வரும்போது எல்லாவற்றையும் கொண்டுவா, நான் இருந்து வாசிக்கிறேன் என்று சொல்லி அனுப்புவேன்.